தூசியின் சாட்சியம்

2014 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. தரம் ஒன்பது வகுப்பில் எனக்கு விஞ்ஞான பாடம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை அன்று கரும்பலகையில் எழுதினேன்: "பிரபஞ்சம் பிறந்த கணத்தின் அடையாளம் கிடைத்துவிட்டது." முதல் நாள் இரவு கைத்தொலைபேசியில் வாசித்த செய்தி அது. தென்துருவத்தில் நிறுவிய பைசெப்-2 என்ற தொலைகாட்டி, வானத்தின் மிகப் பழைய ஒளியில் ஒரு சுழிக்கோலத்தைக் கண்டதாக அமெரிக்காவில் அறிவித்திருந்தார்கள். விடியும்வரை எனக்கு நித்திரை இல்லை. கொட்டியாரக் குடாவின் கரையில், கூரைத்தகடு காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஒரு வகுப்பறையில் நின்று, இந்தச் செய்தியைச் சொல்லும் முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற பெருமையும் இருந்தது.

இரண்டாம் வரிசையில் இருந்த பிள்ளையொன்று எழும்பியது.

"ஆரு சேர் அதக் கண்ட?"

"ஒருத்தரும் காணல்ல மகள். அடையாளத்தக் கண்டாங்க."

"அப்ப, அந்த அடையாளம் வேற எதாலயும் வந்திருக்கேலாதா சேர்?"

"பெரிய பெரிய ஆக்கள் பாத்திருக்காங்க. இரி" என்றேன்.

பத்து வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கடைசிப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. பிள்ளை கேட்டது சரியான கேள்வி. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகின் சிறந்த வானியலாளர்கள் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது ஓர் ஆசிரியர் சொல்லக்கூடாத பதில். ஒருவரும் காணாத ஒன்றை அடையாளத்தை மட்டும் வைத்து நம்புவதற்கு நமக்கு எவ்வளவு உரிமை உண்டு, அப்படி நம்பியதைப் பிறருக்குச் சொல்லும்போது நம்மீது விழும் பொறுப்பு என்ன என்பதே இங்கு என் விசாரணை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். ஆரம்பத்தில் அது ஒளி ஊடுருவ முடியாத சூடான புகார் போல இருந்தது. 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் சென்ற பின் சூடு தணிந்து, இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாகின. ஒளிக்கு வழி திறந்தது. அன்று புறப்பட்ட ஒளி இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் பிரபஞ்சம் விரிந்ததால் அந்த ஒளியும் நீண்டு நுண்ணலையாகிவிட்டது. அதன் வெப்பநிலை இன்று 2.725 கெல்வின். 1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் வானலை வாங்கியில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தால் வருவதோ என்று அதைக் கழுவியும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சத்தின் பால்யம் பற்றிய செய்தியை அழுக்கு என்று எண்ணிக் கழுவப் பார்த்த கதை இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒளி வானம் முழுவதும் ஒரே சூடாக இருக்கிறது. இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்றத்தாழ்வு. இதுவே பெரிய சிக்கல். வானத்தின் இந்த அந்தத்திலிருந்தும் அந்த அந்தத்திலிருந்தும் வரும் ஒளி இப்போதுதான் நம்மை வந்தடைகிறது. அப்படியானால் அவ்விரு இடங்களும் ஒன்றோடொன்று சூட்டைப் பரிமாறிக்கொள்ள நேரமே இருந்திருக்காது. பின் எப்படி ஒரே வெப்பநிலை? விடைத்தாள் திருத்தும் எவருக்கும் இது புரியும். கிண்ணியாவில் ஒரு பிள்ளையும் மன்னாரில் ஒரு பிள்ளையும் ஒரே கணக்கில் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருந்தால், இருவரும் எப்போதோ ஒரே ரியூசன் வகுப்பில் இருந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். 1981இல் அலன் கூத் எழுதிய கட்டுரை சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அந்த இடங்கள் முன்பு மிக அருகில் இருந்தன. பிறகு, ஒரு செக்கனை ஒன்றுக்குப் பின் 32 பூச்சியம் இட்ட எண்ணால் வகுத்தால் வரும் நேரத்துக்குள், பிரபஞ்சம் ஒன்றுக்குப் பின் 26 பூச்சியம் இட்ட மடங்குக்கும் மேலாக உப்பியது. இதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர் விலைவாசி ஏற்றத்துக்கு வழங்கும் அதே சொல். தமிழில் பிரபஞ்ச வீக்கம் என்கிறோம். வீக்கம் என்றால் என்னவென்று 2022க்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

தெரிந்த ஒரு புதிருக்கு விடையாகவே புனைந்த கருத்து, அந்தப் புதிரை அவிழ்த்தது என்பதற்காக மட்டும் புள்ளி பெற முடியாது. தெரியாத ஒன்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வீக்கக் கருத்து சொன்னது. வீக்கத்தின்போது ஏற்பட்ட நுண்ணிய நடுக்கங்களே பின்னர் விண்மீன் கூட்டங்களாகத் திரண்டன. அந்த நடுக்கங்கள் பெரிய அளவிலும் சிறிய அளவிலும் கிட்டத்தட்ட ஒரே பலத்தோடு இருக்கும், ஆனால் பெரிய அளவில் மிகச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது அதன் கணிப்பு. சோவியத் நாட்டின் முக்கானோவ், சிபிசோவ் இருவரும் 1981இலேயே இத்தகைய கணக்கைப் போட்டார்கள். பலம் சரிசமமாக இருந்தால் அந்த எண் 1. பிளாங் செய்மதி அளந்து 2018இல் தந்த விடை 0.965; ஐயப்பாடு 0.004 மட்டுமே. ஒன்றுக்கு அருகில், ஆனால் ஒன்று அல்ல. இதை அற்புதம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்த விசாரணையில் எங்கள் நாட்டில் பிறந்த ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். ஹிரண்யா பீரிஸ் இலங்கையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பிரின்ஸ்டனில் டேவிட் ஸ்பேர்கல் என்பவரிடம் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர். 2001இல் ஏவிய டபிள்யூமாப் செய்மதியின் முதலாண்டுத் தரவுகள் 2003இல் வெளிவந்தபோது, அத்தரவுகள் பிரபஞ்ச வீக்கம் பற்றி என்ன சொல்கின்றன என்ற கட்டுரையின் முதலாம் ஆசிரியர் அவர். இப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியர். அவரும் கூட்டாளிகளும் கையாண்ட முறைதான் என்னை ஈர்த்தது. "வீக்கம் நடந்ததா?" என்று அவர்கள் மொட்டையாகக் கேட்கவில்லை. வீக்கம் இப்படி நடந்திருக்கலாம், அப்படி நடந்திருக்கலாம் என்று பல மாதிரிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் நடந்திருந்தால் இன்றைய வானம் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு, நாம் காணும் வானத்தோடு ஒத்துவராதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். மிக எளிமையானது என்று பலர் கருதிய ஒரு மாதிரி அந்த 2003ஆம் ஆண்டிலேயே தள்ளாடத் தொடங்கியது. இந்த முறையால் உண்மை எது என்று சொல்ல முடியாது. உண்மையாக இருக்க முடியாதது எது என்று சொல்லலாம். அதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

இனி எங்கள் ஊர்ச் சுவருக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலை கடல் எங்கள் கரைக்கு ஏறியது. அடுத்த வருடம் அளவுகோலோடு வந்தவர்கள் சுவர்களில் இருந்த நீர்க்கறையை அளந்துகொண்டு போனார்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கணக்கு. தென்னை மட்டம் என்றார் ஒருவர், தோள் மட்டம் என்றார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் அளந்துகொண்டிருக்க மாட்டார்கள். சுவர் ஓடவில்லை. எனவே சுவரின் பேச்சை எடுத்தார்கள். சில வருடங்களுக்குப் பின், அலையின் உயரத்தைக் கணக்கிட்டு வரும்படி பிள்ளைகளிடம் ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். ஒரு குழு கைவிட்டுப்போன ஒரு வளவின் மதிலில் தெளிவான கறை ஒன்றைக் கண்டு, அளந்து, படம் வரைந்து கொண்டுவந்தது. அழகான வேலை. ஆனால் அந்த மதில் சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டது என்று வளவுக்காரரின் உம்மா சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளைகள் அளந்தது 2011 ஜனவரி வெள்ளத்தை. மகாவலி கொண்டுவந்த கறை அது. அளவு சரி, கணக்கும் சரி. கறையைப் போட்டது யார் என்பதில்தான் பிழை.

மதிலைச் சுரண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடல் ஏறினால் மணலும் சிப்பித்தூளும் உப்பும் விட்டுப்போகும். ஆறு ஏறினால் களி. உயரம் ஒன்றாக இருக்கலாம், பண்டம் ஒன்றாக இருக்காது.

பைசெப்-2 விட்டதும் இதே பிழைதான். வீக்கம் நடந்திருந்தால் வெளியே நடுங்கி ஈர்ப்பலைகள் எழுந்திருக்கும். அவை பழைய ஒளியின் முனைவாக்கத்தில் ஒருவகைச் சுழிக்கோலத்தைப் பதித்திருக்கும். அதன் பலத்தை அளந்தால் வீக்கம் எந்தச் சக்தி மட்டத்தில் நடந்தது என்றே சொல்லிவிடலாம். மனிதர் கட்டிய மிகப் பெரிய துணிக்கை மோதுகூடம் எட்டும் சக்தியைவிட ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி மடங்கு மேலான மட்டம் அது. அறிவித்த அளவு 0.2. எதிர்பார்த்ததைவிடப் பெரியது. வீக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அந்திரே லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டி, குழுவைச் சேர்ந்த ஒருவர் செய்தி சொல்லும் காணொளி உலகெங்கும் ஓடியது. அதில் எனக்குப் பிடித்தது மகிழ்ச்சிக் காட்சி அல்ல. தான் ஏமாந்துபோயிருந்தால் என்ன செய்வது, அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே நம்புகிறேனோ என்று லிண்டே அந்த வேளையிலேயே கேட்டுக்கொள்கிறார். 1983இல் அவர் முன்வைத்த வகை மாதிரிகளோடு அந்த 0.2 இசைவாக இருந்தது. தன் கருத்து வெல்லும் கணத்தில் தன்னையே சந்தேகிப்பது எல்லாராலும் முடிகிற காரியமல்ல.

அந்தச் சுழிக்கோலத்தை இன்னொன்றாலும் வரைய முடியும். நம் பால்வீதியில் விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசித் துணிக்கைகள், காந்தப்புலத்தோடு ஒழுங்குபட்டு நின்று முனைவாக்கம் பெற்ற நுண்ணலைகளை உமிழ்கின்றன. பைசெப்-2 ஒரே ஒரு மீடிறனில், 150 கிகாஹேர்ட்சில் மட்டும் பார்த்தது. அந்த ஒரு மீடிறனில் தூசியும் ஈர்ப்பலையும் ஒரே முகம் காட்டும். தூசி அங்கு குறைவு என்று குழு மதிப்பிட்டிருந்தது. அம்மதிப்பீடுகளுள் ஒன்று, பிளாங் குழுவினர் மாநாடொன்றில் திரையில் காட்டிய படமொன்றிலிருந்து எடுத்தது. மே மாதமே ஃபிளாகர், ஹில், ஸ்பேர்கல் மூவரும் கணக்கை மீண்டும் போட்டு, தூசியே போதுமானதாக இருக்கலாம் என்று காட்டினார்கள். செப்டம்பரில் பிளாங் குழு 353 கிகாஹேர்ட்சில் அளந்த தூசிக் கணக்கை வெளியிட்டது. அந்த மீடிறனில் தூசி பலமாகப் பேசும். மதிலைச் சுரண்டிப் பார்ப்பது என்பது இதுதான். 2015 தொடக்கத்தில் இரு குழுக்களும் சேர்ந்து எழுதின: ஈர்ப்பலைக்கு உறுதியான சான்று இல்லை, அளவு 0.12க்குக் கீழ். 2021இல் அது 0.036க்குக் கீழ் என்று இறங்கியது. லிண்டேயின் மிக எளிய மாதிரியும் அத்தோடு ஏறக்குறைய விழுந்துவிட்டது.

1964இல் செய்தியை அழுக்கு என்று நினைத்தார்கள். 2014இல் அழுக்கைச் செய்தி என்று நினைத்தார்கள். வானத்துத் தூசி என்றதும் இன்னோர் இலங்கையர் நினைவுக்கு வருகிறார். கொழும்பில் 1939இல் பிறந்த சந்திர விக்கிரமசிங்க, 1962இல் பிரெட் ஹொயிலோடு சேர்ந்து, விண்மீன்களுக்கு இடையிலான தூசி காரீயத் துணிக்கைகளாக இருக்கலாம் என்று எழுதினார். உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று அவர் பிற்காலத்தில் வாதிட்டதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் வானத்துத் தூசி அற்பமானதல்ல என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர் அவர் என்பதை 2014 வேறு விதத்தில் நினைவூட்டியது.

நம் இலக்கிய வட்டத்தாருக்கு ஒரு விஷயம் புதிதல்ல. ஒரு செய்தி வந்தால் செய்தியை மட்டும் பார்க்காமல், யாரிடமிருந்து யார் கேட்டார், இடையில் யார் நினைவு பிசகியவர் என்று சங்கிலியைப் பரிசோதித்த ஒரு கலை நமக்கு உண்டு. இந்தச் சங்கிலியை அப்படி எழுதிப் பார்த்தேன். பழைய ஒளி, அதை மறித்து நின்ற தூசி, தென்துருவக் கருவி, ஆய்வுக் குழு, திரையில் கண்ட ஒரு படம், பத்திரிகையாளர் மாநாடு, என் கைத்தொலைபேசி, நான், கரும்பலகை. பலவீனமான அறிவிப்பாளர் யார்? தூசி என்று சொல்லிவிட்டுத் தப்ப நினைத்தேன். தூசி பொய் சொல்லவில்லை. அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, வேறொரு மீடிறனில். ஆய்வுக் குழுவும் தங்கள் தரவுகளைத் திறந்து வைத்து, போட்டிக் குழுவோடு சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் முடிவைத் தாங்களே இறக்கினார்கள். கேட்ட அன்றே சொல்லி, திருத்தம் வந்த பின் வாய் மூடியிருந்த ஒரே ஆள் இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்கும் நான்தான். 2015 பிறந்தபோது அந்த வகுப்பு தரம் பத்துக்கு வேறு பாடசாலைக்குப் போயிருந்தது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன்.

அறிவிப்பாளரை எடைபோடுவது பற்றி இன்னொன்று. அறிவிப்பு வெளியான வாரத்தில் பிபிசி தொலைக்காட்சியில் விளக்கம் சொல்ல ஹிரண்யா பீரிசும் மெகி அடெரின்-பொகொக் என்ற கறுப்பின விஞ்ஞானியும் வந்தார்கள். இவ்விருவரும் பெண்கள், வெள்ளையர் அல்லாதவர் என்பதற்காகத்தான் அழைக்கப்பட்டார்கள் என்ற தொனியில் இலண்டன் நாளேடு ஒன்றின் பத்தி எழுதியது. பீரிஸ் பணிபுரிந்த பல்கலைக்கழகம் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. நாஃபிஉ அடிமையாக இருந்து விடுதலையானவர். அவர் வழியாக மாலிக் இமாம் அறிவித்த சங்கிலியைத்தான் பொற்சங்கிலி என்றார்கள். ஆளைப் பார்ப்பது வேறு, ஆளின் நினைவையும் நேர்மையையும் பார்ப்பது வேறு.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் பேசியவர், தென்துருவக் கண்டுபிடிப்பு வேதவாக்கை நிரூபித்துவிட்டது என்று முழங்கினார். நானும் தலையாட்டினேன். தூசி வெளிப்பட்டபோது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அக்கருத்தைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, மகிழ வேண்டிய லெமேத்ர்தான் வருந்தினார், அப்படிப் பேச வேண்டாம் என்று தெரிவித்தார். நிலையானது என்று நாம் கொள்வதை, நாளை 0.2இலிருந்து 0.036க்கு இறங்கக்கூடிய ஒன்றின் தோளில் ஏற்றினால் இறங்கும்போது எதைப் பிடிப்பது? இப்னு ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொலமியின் நூல்களில் உள்ள பிசகுகளை வரிசைப்படுத்தி எழுதினார். பெரியவர்களின் நூலை வாசிப்பவன் அவற்றின் எதிரியாக நின்று ஆராய வேண்டும், அத்தோடு தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. "பெரிய பெரிய ஆக்கள் பாத்திருக்காங்க" என்று அவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

பிரபஞ்ச வீக்கமே அறிவியல்தானா என்ற சண்டையும் நடந்தது. எந்த வானம் தெரிந்தாலும் அதற்கேற்ற ஒரு மாதிரியை ஒட்டிக்கொள்ளலாம் என்றால் அதைச் சோதிப்பது எப்படி என்று 2017இல் இஜாஸ், ஸ்டைன்ஹார்ட், லோப் மூவரும் கேட்டார்கள். ஸ்டைன்ஹார்ட் இந்தக் கருத்தை வளர்த்தவர்களில் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கூத், லிண்டே உட்பட 33 பேர் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள். மாதிரிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன என்பதே சோதனை நடக்கிறது என்பதற்குச் சான்று என்ற அவர்கள் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் கையெழுத்தின் எண்ணிக்கையால் அல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்கு வானம் ஒன்றுதான். வானத்தின் மிகப் பெரிய கோலங்கள் சிலவே. இன்னொரு பிரபஞ்சத்தைக் கொண்டுவந்து ஒப்பிட முடியாது. எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் அந்த ஐயப்பாடு குறையாது. ஒரே ஒரு சாட்சி, மறுவிசாரணை இல்லை. அதனால் சாட்சியத்தை எறிந்துவிட முடியுமா என்றால் முடியாது, எங்கள் மதிலைப் போல.

2015க்குப் பின் வந்த ஒவ்வொரு தரம் ஒன்பதுக்கும் தூசிக் கதையைச் சொல்லி வருகிறேன். அந்த முதல் வகுப்புக்கு மட்டும் சொல்லவில்லை. 2023இல் ஒரு நாள் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். தாதியர் பயிற்சியில் இருக்கிறது. ஸலாம் சொல்லி, எழும்பி இருக்கை தரப் பார்த்தது.

"மகள், நீங்க ஒன்பதாம் ஆண்டுல கேட்ட கேள்விக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது தூசி."

"எந்தத் தூசி சேர்?"

சொன்னேன். பாலத்தின் நீளம் முழுவதும் சொன்னேன். பிரபஞ்சமும் அடையாளமும் அதற்கு ஞாபகமே இல்லை.

"எனக்கு ஞாபகம் இரிக்கிற ஒண்டுதான் சேர். நான் கேள்வி கேட்டதுக்கு நீங்க சரியா ஏசின. அதுக்குப் பொறகு ஒம்பதாம் ஆண்டு முடியுமட்டும் நான் ஒண்டும் கேக்கல்ல."

நான் ஏசவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். இரி என்று மட்டும்தான் சொன்னேன். அந்த வகுப்பறைக் கட்டடம் இப்போது இல்லை, புதிதாகக் கட்டிவிட்டார்கள். கிண்ணியாத் துறையடியில் அது இறங்கிப் போனது. நான் அடுத்த தரிப்பிடம்வரை போனேன்.